இலக்குச் சுடுதலுக்குப் பழைய ராணுவ ரைஃபிள்: பார்த்ததும் பிடித்ததை வாங்கலாமா?

புதுத்தோட்டா

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகச் சங்கத்தில் பாயிண்ட் டூ டூ-வை (சிறு குண்டு ரைஃபிள்) வைத்துத் தாளில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது பெரிய ரைஃபிளுக்கான உரிமம் கைக்கு வந்துவிட்டது, சுடுதளத்திலும் 100 மீட்டர், 300 மீட்டர் இரண்டும் உண்டு. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) வைத்த பழைய ராணுவ ரைஃபிள்தான் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரே ஆளிடம் மூன்று பார்த்தேன். ஒன்று மாசர் கே98கே, கண்ணாடி மாதிரி கறுப்பு மெருகு, கட்டையெல்லாம் செம்பழுப்பில் பளபளக்கிறது. இரண்டாவது லீ என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1, 1943 என்று அடித்திருக்கிறது, கட்டை முழுக்க அடிபட்ட வடு, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய் பார்க்கவே பாவமாக இருக்கிறது. மூன்றாவது மோசின் நாகான் 91/30, கிரீஸில் முக்கி எடுத்தது போல் இருக்கிறது, தொட்டால் கை பிசுபிசுக்கிறது.

மனசு கே98கே பக்கம்தான் போகிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

துருமணி

தம்பி, பொறுங்கள். மூன்றையும் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஒன்றின் குழலுக்குள்ளாவது எட்டிப் பார்த்தீர்களா? தாளில் குண்டு விழும் இடத்தைத் தீர்மானிப்பது மெருகு இல்லை, குழல். அதிலும் கடைசி விரற்கடை. குண்டு வெளியே வரும்போது கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் குழல்வாய், அங்கே புரி (குழலுக்குள் சுழலாக வெட்டிய பள்ளமும் மேடும்) ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மற்றதெல்லாம் புதுசாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அந்த வாய் தேய்வது பெரும்பாலும் சுட்டதால் இல்லை, துடைத்ததால். இரும்புக் கம்பியை வாய் வழியாகவே விட்டு வருடக்கணக்கில் இழுத்தால் என்ன ஆகும்? லீ என்ஃபீல்டில் கம்பி கிடையாது, கயிற்றைப் பின்பக்கமிருந்து விட்டு முன்னால் இழுப்பார்கள். கயிற்றில் மண் ஒட்டியிருந்தால் அதுவும் அரம்தான், ஒரு பக்கமாகவே இழுத்தால் வாயில் பள்ளம் விழும்.

ஒரு சோதனை சொல்கிறேன். மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) இல்லாத, குண்டு மட்டும் பொருத்திய டம்மி தோட்டா ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். டம்மி மட்டும்தான், நிஜத் தோட்டாவோடு இந்த விளையாட்டு வேண்டாம். போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மூக்கைக் குழல்வாயில் மெல்ல வையுங்கள். பித்தளைக்கழுத்துக்கு முன்னால் குண்டு கொஞ்சம் வெளியே தெரிந்தபடி நிற்க வேண்டும். கழுத்து வரை உள்ளே போய்விட்டால் வாய் அகன்றுவிட்டது என்று அர்த்தம். துல்லியமான அளவு இல்லை, தெரிகிறது, ஆனால் அங்கே நின்றபடி அரை நிமிடத்தில் செய்யலாம். அப்புறம் பின்பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்து வெளிச்சம் விட்டு முன்னாலிருந்து பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால் பயப்படாதீர்கள். புரியின் மேடுகள் ஓரம் கூராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கறுப்பாக இருந்தும் கூராக இருக்கும் குழல் நன்றாகச் சுடும், பளிச்சென்று மழமழவென்று இருப்பது சுடாது.

இடதுகை

நான் கேட்கிற முதல் கேள்வி வேறு. எந்தத் தோட்டா உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும்? ரைஃபிளை ஒருமுறை வாங்குகிறோம், தோட்டாவை ஆயுள் முழுக்க வாங்குகிறோம். மோசினுடைய 7.62×54 ஆர் 1891-ல் வந்தது, இன்றைக்கும் ராணுவங்கள் பயன்படுத்துகின்றன, அதனால் தயாரிப்பு நிற்கவே இல்லை. லீ என்ஃபீல்டின் த்ரீ நாட் த்ரீ, கே98கே-வின் எட்டு மில்லிமீட்டர் மாசர் இரண்டையும் வேட்டைக்காரர்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் எப்போதும் இருக்காது. விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எட்டு மில்லிமீட்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதில் இரண்டு குண்டு அளவு உண்டு, பழையது 0.318 அங்குலம், 1905-க்குப் பிறகு வந்தது 0.323. கே98கே எல்லாம் பெரிய அளவுதான், அதில் குழப்பம் இல்லை. நாளைக்கு 1888 மாடல் கெவேர் (பழைய ஜெர்மன் ரைஃபிள்) ஒன்று கண்ணில் பட்டு இதே தோட்டாவைப் போட்டுவிடாதீர்கள்.

புதுத்தோட்டா

அண்ணா, குழலைப் பார்க்கவே தோன்றவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மறுபடி போகிறேன். வேறென்ன பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை

எண்கள். ரிசீவர் (குழலின் பின்னால் போல்ட் ஓடும் இரும்புப் பாகம்), போல்ட், கட்டை, எங்கெல்லாம் எண் அடித்திருக்கிறதோ எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். போல்ட்டும் ரிசீவரும் ஒரே எண்ணாக இருப்பது சேகரிப்பவர்களின் கிறுக்கு என்று நினைக்காதீர்கள், அது ஹெட்ஸ்பேஸ் விவகாரம். போல்ட் முகத்துக்கும் தோட்டாவை அறைக்குள் நிறுத்துகிற இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. மாசரில் தோட்டாவின் தோள்பட்டை (கூடு கழுத்தாகக் குறுகும் சரிவு) நிறுத்துகிறது, த்ரீ நாட் த்ரீயிலும் மோசினிலும் அடிவிளிம்பு நிறுத்துகிறது. இடைவெளி அதிகமானால் வெடிக்கும்போது பித்தளைக்கூடு பின்னால் நீண்டு, அடிக்கு மேலே மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரிந்து கொதிக்கும் வாயுவை முகத்துப் பக்கம் அனுப்பும். அளக்க கோ, நோ-கோ, ஃபீல்டு என்று மூன்று கேஜ் உண்டு, நோ-கோ போட்டால் போல்ட் மூடக்கூடாது. விற்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் முதல் குண்டைச் சுடாதீர்கள்.

நம்பர் 4-ல் ஒரு சௌகரியம். போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றும்படி இருக்கும், 0, 1, 2, 3 என்று நான்கு நீளத்தில் செய்தார்கள், இடைவெளி கூடினால் அடுத்த எண்ணைப் போட்டுச் சரிசெய்யலாம். இப்போதே 3 போட்டிருந்தால் மேலே போக இடமில்லை, அதையும் பார்த்து வையுங்கள்.

இதோடு சேர்த்து, நீங்கள் கேட்காவிட்டாலும்: ஸ்பிரிங்ஃபீல்டு 1903 (அமெரிக்க ராணுவ ரைஃபிள்) யாராவது நீட்டினால் எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் செய்தது 8,00,000-க்குக் கீழே, ராக் ஐலண்டில் செய்தது 2,85,507-க்குக் கீழே என்றால் சுவரில் மாட்ட மட்டும்தான். இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்தியதில் கோளாறு, சில ரிசீவர்கள் கண்ணாடி மாதிரி உடைந்தன.

பழையமரம்

உங்கள் கே98கே பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கட்டை செம்பழுப்பு, வார்னிஷ் அடித்த மேஜை மாதிரி, அங்கங்கே செதில் செதிலாக உரிகிறதா? போல்ட்டில் எலக்ட்ரிக் பென்சிலால் கிறுக்கிய மாதிரி எண் இருக்கிறதா? ரிசீவரில் எக்ஸ் குறி? இருந்தால் அது இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை பிடித்தது. பிடித்தவற்றையெல்லாம் மொத்தமாகப் பிரித்துப் போட்டு, மெருகு முக்கி, கட்டைக்கு அரக்கு அடித்து, கைக்கு வந்த பாகத்தைக் கைக்கு வந்த ரைஃபிளில் மாட்டி, புதிதாக எண் கிறுக்கிக் கிடங்கில் போட்டார்கள். மோசமான ரைஃபிள் என்று சொல்லவில்லை, என்னிடமே ஒன்று இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்து மயங்கிய அந்தப் பளபளப்பு கிடங்குக்காரர் போட்ட சட்டை.

புதுத்தோட்டா

போய்விட்டு வந்தேன். பழையமரம் ஐயா, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே இருக்கிறது. எக்ஸ் இருக்கிறது, ரிசீவரில் ஒரு எண், போல்ட்டில் அடித்திருந்த பழைய எண்ணைக் கோடு போட்டு அழித்துப் பக்கத்தில் கிறுக்கல். அரக்கு உரிந்த இடத்தில் நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது. டம்மி தோட்டா கழுத்து வரை உள்ளே போய்விட்டது, டக்கென்று பித்தளை இடித்த சத்தம் எனக்கே கேட்டது.

மோசினில் வெளிச்சமே தெரியவில்லை, உள்ளேயும் கிரீஸ். போல்ட்டைத் திறக்க உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருந்தது.

நம்பர் 4: போல்ட் எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்று, முன்கட்டையின் அடியிலும் அதே எண். போல்ட் தலையில் 1. குழல் உள்ளே கறுப்பு, ஐந்து பள்ளம் எண்ணினேன், ஓரம் கூராகத்தான் தெரிகிறது. டம்மியில் குண்டு கொஞ்சம் வெளியே நின்றது. கேஜ் அவரிடமே இருந்தது, நோ-கோ-வில் போல்ட் மூடவில்லை. பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று சொன்னதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

துருமணி

இனி என்ன யோசனை? வாங்கிவிடுங்கள்.

இடதுகை

மோசினுக்காக ஒரு வார்த்தை. போல்ட் ஒட்டுவது அதன் பிறவிக்குணம் என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிக்கு மேல் அறைக்குள் காய்ந்துபோன காஸ்மோலின் (கிடங்கில் வைக்கும்போது பூசும் கிரீஸ்) தான் காரணம். சுட்டுச் சூடாக ஆக அது பிசினாகிக் கூட்டைப் பிடித்துக்கொள்ளும். அறையைச் சரியாகத் துடைத்தால் என்னுடையது இரண்டு விரலில் திறக்கிறது. இன்னொன்று, 91/30-ஐ பயோனெட் மாட்டிய நிலையில்தான் குறி சரிபார்த்தார்கள், கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு வேறு இடத்தில் விழும். அது தெரியாமல் பலபேர் குழல் கோணல் என்று விற்றுவிடுகிறார்கள், அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் இந்த மூன்றில் உங்களுக்கு நம்பர் 4 தான். பாயிண்ட் டூ டூ-வில் துளைவழியாகக் குறிபார்க்கும் பின்சைட்டில் பழகியிருப்பீர்கள், நம்பர் 4-லும் துளைதான், கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மாசரிலும் மோசினிலும் வெட்டு வைத்த சைட் குழலின் நடுவில் எங்கேயோ இருக்கும், நாற்பது வயதைத் தாண்டினால் பின்சைட்டு, முன்சைட்டு, இலக்கு மூன்றில் ஒன்றுதான் தெளிவாகத் தெரியும், எதை விடுவது என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

நான் இடதுகைக்காரன், எந்த ராணுவமும் என்னை நினைத்து ரைஃபிள் செய்யவில்லை, எல்லாம் எனக்கு ஒரே மாதிரிக் கஷ்டம்தான், அதனால் நடுநிலையோடு சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுத்தோட்டா

வாங்கியாகிவிட்டது! உரிமப் புத்தகத்தில் பதிந்து, பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டையை மணல்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கலாமா?

பழையமரம்

கூடாது. கூடவே கூடாது. அந்த வடுவுக்குள்தான் ஆய்வாளர் முத்திரை, பழுதுபார்த்த பட்டறையின் குறி எல்லாம் இருக்கின்றன, ஒருமுறை தேய்த்தால் எண்பது வருடம் தூளாகப் போய்விடும். அதைவிட, முன்கட்டை குழலையும் ரிசீவரையும் தொடுகிற இடங்களைக் கணக்குப் பார்த்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள், உள்ளே நீங்கள் தேய்த்தால் குறியே மாறும்.

மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்ட துணியால் மேல் அழுக்கைத் துடையுங்கள். காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயைக் கையில் ஊற்றி உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், வாரம் ஒருமுறை, நாலைந்து வாரம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வது காற்றோடு சேர்ந்து, அப்போது சூடு வரும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானே பற்றிக்கொள்ளும். கதை இல்லை, என் பட்டறையில் குப்பைக்கூடை புகைந்தது. விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

புதுத்தோட்டா

நல்லவேளை கேட்டேன். தோட்டா விஷயம்: ஒரு நண்பர் பழைய ராணுவ உபரித் தோட்டா ஒரு பெட்டி தருகிறேன் என்கிறார். சுட்டு முடித்ததும் குழலில் மிஞ்சும் உப்புக்கு அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தை விட்டால் போதுமாம்?

வாய்ச்சொல்வீரன்

போதும். நான் பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். அம்மோனியா உப்பை முறித்துவிடும்.

கணக்குப்பிள்ளை

முறிக்காது. பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் மிஞ்சும். சமையல் உப்புக்குப் பங்காளி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். அந்தத் திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர், அதனால் உங்களுக்கு வேலை செய்திருக்கிறது, அம்மோனியாவுக்கு அதில் பங்கே இல்லை. எண்ணெய் மட்டும் போட்டால் உப்பை மூடித்தான் வைக்கும், கரைக்காது.

வாய்ச்சொல்வீரன்

அப்படியென்றால் பத்து வருடம் ஏன் துருப்பிடிக்கவில்லை?

கணக்குப்பிள்ளை

தண்ணீர் ஊற்றினீர்கள் என்றுதானே சொல்கிறேன் ஐயா.

துருமணி

சண்டை வேண்டாம், இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறீர்கள். கொதிக்கும் தண்ணீரை அறைப் பக்கமிருந்து புனல் வைத்து ஊற்றுவது எனக்குப் பிடிக்கும், குழல் சூடாகித் தானே காய்ந்துவிடும். கட்டைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, நாளைக்கு என்று தள்ளாமல். போல்ட் முகத்தையும் துடையுங்கள், உப்பு அங்கேயும் தெறிக்கும். அப்புறம் வழக்கமான துடைப்பு, மெல்லிய எண்ணெய். அடுத்தமுறை சுடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு, குழலில் எதுவும் அடைத்திருக்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தோட்டா போட வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்தப் பெட்டியையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கொட்டகையில் எத்தனை கோடை கிடந்ததோ. டிரிக்கரை இழுத்தபின் கணநேரம் தாமதித்து வெடிக்கிற தோட்டாவை வைத்துக் குறி பழக முடியாது. டிக் என்று சத்தம் மட்டும் வந்தால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருங்கள், உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள்.

புதுத்தோட்டா

புதுத் தோட்டாவே வாங்கினேன். முதல் நாள் கதை இதோ. பின்சைட் மடக்கும் வகை, ஒரு துளை 300 கெஜம், மற்றது 600. 100 மீட்டரில் 300-ஐ வைத்து நடுவட்டத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டெல்லாம் தாளின் மேல் விளிம்பில். சரி என்று வட்டத்துக்குக் கீழே பிடித்துச் சுட்டேன். முதல் ஐந்து குண்டு என் உள்ளங்கையால் மூடிவிடலாம், எனக்கே நம்ப முடியவில்லை. அடுத்த ஐந்து ஏணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. குழலைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. போல்ட் மூடும்போது கடைசி அரை அங்குலத்தில் ஸ்பிரிங்கைத் தள்ளுகிற உணர்வு புதுசு, திறக்கும்போது வெண்ணெய். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

ஏணி ஏன்?

பழையமரம்

அவசரப்பட்டுச் சுட்டதில் பாதி. மெல்லிய குழல், சூடானால் நீளும், வளையும், முன்கட்டையை அழுத்தும் விதம் மாறும். குண்டுக்குக் குண்டு ஒரு நிமிடமாவது விடுங்கள். மீதி பாதிக்கு, டிரிக்கர் கார்டின் முன்னால் உள்ள பெரிய திருகைப் பாருங்கள். கட்டை காய்ந்து சுருங்கினால் அது தளரும். சரியான அகல ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள், சிறியதை வைத்துத் தலையைக் கெடுத்தீர்களானால் அடுத்து விற்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

உயரத்துக்கு முன்சைட் பிளேடை மாற்றலாம், பல உயரத்தில் செய்திருக்கிறார்கள். குண்டு மேலே போகிறது என்றால் உயரமான பிளேடு வேண்டும், பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஏணி மாதிரி தூக்கிச் சிறிது சிறிதாக ஏற்றும் மைக்ரோமீட்டர் பின்சைட் தேடுங்கள், 200-லிருந்து 1300 வரை போகும், உங்கள் 300 மீட்டருக்கு அதுதான் சுகம். இரண்டையும் துளை போடாமல், அரம் போடாமல் மாட்டலாம், பழசை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

உள்ளங்கை என்றால் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர். 100 மீட்டரில் ஒரு எம்ஓஏ (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்பது 2.9 சென்டிமீட்டர், ஆக நீங்கள் சுட்டது சுமார் மூன்று. போர்க்காலத்தில் செய்த ரைஃபிளில், கடைத் தோட்டாவில், முதல் நாள்! இதற்குமேல் என்ன வேண்டும்?

இடதுகை

தோளுக்கு: நம்பர் 4-ன் பின்கட்டை குட்டை, சாதாரணம், நீளம் என்று அரை அங்குல வித்தியாசத்தில் வரும். உங்களுடையதில் எஸ் (குட்டை) என்று அடித்திருந்தால், நீங்கள் உயரமானவர் என்றால், வலிப்பது நியாயம்தான். வெறும் கூடுகளை எடுத்து வைத்தீர்களா?

புதுத்தோட்டா

வைத்திருக்கிறேன். நானே திரும்ப நிரப்பலாம் என்று எண்ணம். எஸ் தான். நான் ஆறடி.

துருமணி

நிரப்புவதற்கு முன் ஒரு காகிதக் கிளிப்பை நேராக்கி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கத்திலிருந்து சுவரோடு உரசியபடி மேலே இழுங்கள். அடிக்குச் சற்று மேலே கொக்கி எதிலாவது தட்டினால் அங்கே உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறது, அந்தக் கூடு அடுத்தோ அதற்கடுத்தோ பிரியும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அதேதான். த்ரீ நாட் த்ரீயில் அறையைத் தாராளமாக வெட்டியிருப்பார்கள், சேற்றிலும் ஓட வேண்டும் என்று. அதனால் முழுக்கூட்டையும் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவராமல் கழுத்தை மட்டும் அளவாக்குங்கள், கூடு உங்கள் அறையின் அளவிலேயே இருக்கும், அதிக நாள் வரும். அப்படிச் செய்ததை வேறு ரைஃபிளில் போடக்கூடாது.

புதுத்தோட்டா

இருபதையும் கிளிப் விட்டுப் பார்த்தேன். பதினெட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டில் லேசாகத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, கற்பனையா நிஜமா தெரியவில்லை, மனைவியை விட்டுப் பார்க்கச் சொன்னேன், அவளுக்கும் அதே இரண்டில் தட்டியது. தூக்கிப் போட்டுவிட்டேன். எல் பின்கட்டை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், முன்சைட் உயரமான பிளேடு வந்துவிட்டது. திருகு முக்கால் சுற்று இறுகியது, பழையமரம் ஐயா.

இடதுகை

அது சரி. அந்த எக்ஸ் குறி கே98கே இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா?

புதுத்தோட்டா

இருக்கிறது. ஏன்?

இடதுகை

சும்மா கேட்டேன். ரிசீவரின் மேல் எந்த வருடம் போட்டிருந்தது?

துருமணி

வாய் போன குழல் என்று இதே இழையில் படித்துவிட்டுமா?

இடதுகை

வருடம் மட்டும்தான் கேட்டேன் அண்ணா.